பின்னலாடைகள் நெடுநாள் உழைக்க: துவைப்பது முதல் ஓட்டை அடைப்பது வரை முழு வழிகாட்டி

சட்டைத் துணியும் ஜீன்ஸும் நெய்தவை. பாவும் ஊடையும் குறுக்கும் நெடுக்குமாக ஓடி ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். ஸ்வெட்டர், டி-ஷர்ட், பனியன், சாக்ஸ், லெக்கிங்ஸ், கம்பளிக் குல்லா இவையெல்லாம் பின்னியவை. இவற்றில் நூல் வளைந்து வளைந்து கண்ணிகளாகி, ஒரு வரிசைக் கண்ணிக்குள் அடுத்த வரிசைக் கண்ணி நுழைந்து நிற்கிறது. இழுத்தால் கண்ணி விரியும், விட்டால் பழைய அளவுக்கு வரப் பார்க்கும். பின்னலாடை உடம்போடு இசைந்து வளைவது இதனால்தான். தொங்கவிட்டால் அது நீள்வதும், ஓரிடத்தில் நூல் அறுந்தால் ஏணிபோல் வரிசையாகப் பிரிந்துகொண்டே போவதும் இதனால்தான்.

இந்த ஆடைகள் உடுத்தித் தேய்வதைவிடத் துவைத்துக் கெடுவதே அதிகம் என்பது என் கணிப்பு. நனைந்த பின்னலாடையின் எடை கூடிவிடும். கண்ணிகள் வழுக்கி இடம் மாறும். கம்பளி, விஸ்கோஸ் போன்ற இழைகள் ஈரத்தில் பலமும் இழக்கும். அதே நேரத்தில்தான் நாம் அதைப் பிடித்துத் தேய்க்கிறோம், முறுக்கிப் பிழிகிறோம், கொடியில் தொங்கவிடுகிறோம். அதனால் இந்த வழிகாட்டியில் கணிசமான பகுதி வாளியில் போடுவதற்கும் காய்ந்து எடுப்பதற்கும் இடையில் நடப்பதைப் பற்றியே இருக்கும்.

எந்த இழை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

உள்பக்கத் தையலில் இருக்கும் லேபிளைப் பாருங்கள். சதவீதக் கணக்கில் இழைகள் எழுதியிருக்கும். கலப்பு நூல் என்றால், அதில் எது மென்மையானதோ அதற்குரிய கவனிப்பைக் கொடுப்பதுதான் பாதுகாப்பு. 80 சதவீதம் அக்ரிலிக், 20 சதவீதம் கம்பளி என்றால் அந்த 20-க்குத்தான் மரியாதை.

கம்பளி, மெரினோ, காஷ்மீர், மோஹேர், அங்கோரா எல்லாம் விலங்கு முடி. நம் தலைமுடியிலும் நகத்திலும் உள்ள கெரட்டின் என்ற புரதம்தான் இவற்றிலும் இருக்கிறது. கம்பளி இழையை நுண்ணோக்கியில் பார்த்தால் மேற்பரப்பு முழுக்க மீன் செதில்போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். ஈரமும் வெப்பமும் உரசலும் சேரும்போது இழைகள் ஒரே திசையில் நகர்ந்து, செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு, திரும்ப விடுபடாமல் இறுகிவிடும். பெரியவர் ஸ்வெட்டர் குழந்தை அளவுக்குச் சுருங்கி, அட்டைபோல் கெட்டியாகி வெளியே வருவது இப்படித்தான். வெறும் சூடு மட்டும் இதைச் செய்வதில்லை. உரசல்தான் பெரிய குற்றவாளி, சூடு அதற்குத் துணை.

லேபிளில் ‘சூப்பர்வாஷ்’ என்று இருந்தால், அந்தச் செதில்களை வேதிமுறையில் மழுங்கவைத்தோ மெல்லிய பூச்சால் மூடியோ இருக்கிறார்கள் என்று பொருள். மெஷினில் போடலாம். ஆனால் செதிலின் பிடிப்பு போய்விட்டதால் நனைந்ததும் நன்றாக நீளும். அதனால் இதைத் தூக்கும்போதும் காயப்போடும்போதும் கூடுதல் கவனம் வேண்டும்.

பருத்தி இதற்கு நேர்மாறு. நனைந்தால் பலம் கூடும், எனவே துவைப்பதற்கு அஞ்ச வேண்டாம். ஆனால் தண்ணீரை நிறையக் குடித்து எடை கூடிவிடும். கம்பளிபோல் தானாக மீண்டு வரும் குணமும் குறைவு. புதுப் பருத்திப் பின்னலாடை முதல் ஒன்றிரண்டு துவைப்பில் சுருங்குவது, தயாரிப்பின்போது இழுத்து வைக்கப்பட்ட கண்ணிகள் தளர்ந்து தங்கள் இயல்பு நிலைக்குத் திரும்புவதால். அது கம்பளி இறுகுவதைப் போன்றதல்ல.

விஸ்கோஸ், ரேயான் இரண்டும் உடுத்தினால் வழவழவென்று அருமையாக விழும், நனைந்தால் பலத்தில் பெரும்பகுதியை இழந்துவிடும். ஈர விஸ்கோஸை முறுக்கவே கூடாது. அக்ரிலிக் துவைக்கச் சுலபமானது, அந்துப்பூச்சியும் தீண்டாது. அதன் எதிரி வெப்பம். சூடான இஸ்திரிப் பெட்டியோ நீராவியோ நேராகப் பட்டால் மீள் தன்மை செத்து, தொளதொளவென்று ஆகிவிடும். பிறகு எதுவும் செய்ய முடியாது. எலாஸ்டேன் என்ற ரப்பர்போல் நீளும் இழை கலந்த ஆடைகளுக்கும் டிரையரின் சூடும் குளோரின் பிளீச்சும் ஆகாது.

லேபிளில் உள்ள படங்கள்

தண்ணீர்த் தொட்டிக்குள் 30 என்று இருந்தால் 30 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டாம் என்று பொருள். தொட்டிக்குக் கீழே ஒரு கோடு மென்மையான சுழற்சியைக் குறிக்கும், இரண்டு கோடு மிக மென்மையான சுழற்சியை. தொட்டிக்குள் கை இருந்தால் கையால் துவைக்க வேண்டும். பெருக்கல் குறி எதன்மேல் விழுந்திருந்தாலும் அது கூடாது. முக்கோணம் பிளீச்சையும், சதுரத்துக்குள் வட்டம் டிரையரையும் குறிக்கும். சதுரத்துக்குள் நடுவில் படுக்கைக்கோடு இருந்தால் கிடத்திக் காயவைக்க வேண்டும். பின்னலாடைக்கு மிக முக்கியமான படம் இதுதான். இஸ்திரிப் பெட்டிக்குள் ஒரு புள்ளி என்றால் அதிகபட்சம் 110 டிகிரி, இரண்டு என்றால் 150, மூன்று என்றால் 200.

வெறும் வட்டமோ, அதற்குள் எழுத்தோ இருந்தால் அது டிரை கிளீனிங் கடைக்காரருக்கான குறிப்பு. அலங்காரமில்லாத சாதாரணக் கம்பளி ஸ்வெட்டர்கள் பலவற்றை, லேபிள் டிரை கிளீன் என்று சொன்னாலும், குளிர்ந்த நீரில் கையால் துவைக்க முடியும். உள்ளே லைனிங், மணி வேலைப்பாடு, தோள் பட்டை இருந்தாலோ விஸ்கோஸ் அதிகமாக இருந்தாலோ அந்தத் துணிச்சல் வேண்டாம்.

துவைப்பதைத் தள்ளிப்போடுங்கள்

சுத்தம் பார்ப்பவர்களுக்கு இது உறுத்தும், தெரிந்தே சொல்கிறேன். கம்பளி ஆடையை ஒவ்வொரு முறை உடுத்தியதும் துவைக்கத் தேவையில்லை. கம்பளி தன் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் வரை நீராவியை இழைக்குள் வாங்கிக்கொண்டும் ஈரமாகத் தோன்றாமல் இருக்கும். வியர்வையின் ஈரம் அப்படித்தான் உள்ளே போகிறது, காற்றோட்டம் கிடைத்தால் வெளியேறியும் விடுகிறது. உடுத்திய ஸ்வெட்டரை உடனே அலமாரியில் அடைக்காமல், நாற்காலி முதுகில் அகலமாகப் போட்டு ஒரு நாள் காற்றாட விட்டால் பெரும்பாலான வாடை போய்விடும். கண்ணிகளும் தளர்ச்சி நீங்கிப் பழைய அளவுக்கு வர அந்த ஒரு நாள் ஓய்வு உதவும். முழங்கைப் பகுதி புடைத்துக்கொண்டு நிற்பது பெரும்பாலும் இந்த ஓய்வு கிடைக்காததால்.

உள்ளே மெல்லிய பனியன் போட்டுக்கொண்டால் ஸ்வெட்டரைப் பல முறை உடுத்திய பிறகு துவைத்தால் போதும். பருத்தி டி-ஷர்ட், பனியன், சாக்ஸ் போன்றவை உடம்போடு ஒட்டிக் கிடப்பவை, இவற்றுக்கு இந்தச் சலுகை இல்லை.

கறை ஒன்று பட்டதற்காக முழு ஆடையையும் நனைக்க வேண்டியதில்லை. கறையைத் தேய்க்காமல், சுத்தமான வெள்ளைத் துணியால் ஒற்றி எடுங்கள். ரத்தக் கறைக்குக் குளிர்ந்த நீர்தான், சூடு பட்டால் கறை இழையில் பிடித்துக்கொள்ளும். எண்ணெய்க் கறைக்குப் பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு சொட்டை நீரில் கலந்து, கறையின் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி ஒற்றுங்கள். பிறகு வெறும் நீரால் ஒற்றி, அடியில் உலர்ந்த துவாலை வைத்து ஈரத்தை எடுத்துவிடுங்கள். கம்பளியில் கறையைத் தேய்த்தால் கறை போகலாம், ஆனால் அந்த இடத்தில் இழைகள் இறுகிப் பொசுபொசுவென்று ஒரு திட்டு நிரந்தரமாக நின்றுவிடும்.

எந்தச் சோப்பு

சாதாரண வாஷிங் பவுடர் பெரும்பாலும் காரத்தன்மை உடையது. பலவற்றில் புரோட்டியேஸ் என்ற நொதி இருக்கும். புரதக் கறைகளை உடைப்பதுதான் அதன் வேலை. கம்பளியும் பட்டும் புரதம்தானே, அது வித்தியாசம் பார்க்காது. ஒரு துவைப்பில் எதுவும் தெரியாது, பல துவைப்புகளில் இழை மெலிந்துகொண்டே வரும். அதனால் கம்பளிக்கென்றே விற்கும் நொதியில்லாத, நடுநிலைத் திரவச் சோப்பு வாங்குங்கள். அது கைவசம் இல்லாவிட்டால் குழந்தைகளுக்கான மென்மையான ஷாம்பு போதும். குளோரின் பிளீச் கம்பளியை உண்மையாகவே கரைத்துவிடும், பக்கத்தில்கூடக் கொண்டுபோகாதீர்கள்.

ஃபேப்ரிக் சாஃப்ட்னர் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. இழைமேல் வழவழப்பான படலத்தைப் பூசி மென்மையாக இருப்பதுபோல் காட்டும். பருத்தியின் ஈரம் உறிஞ்சும் தன்மையை அது குறைக்கும். அக்கறையாகத் துவைத்தால் அது தேவைப்படாது.

கையால் துவைக்கும் முறை

1. ஆடையைத் தட்டையாக விரித்து மார்பகலம், முழு நீளம், கை நீளம் மூன்றையும் டேப்பால் அளந்து செல்போனில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு நிமிட வேலைதான். காயவைக்கும்போது எந்த அளவுக்கு ஒழுங்குபடுத்துவது என்று கண்மதிப்பில் தடுமாற வேண்டியிருக்காது.

2. பட்டன்களைப் போட்டு, ஜிப்பை மூடி, ஆடையை உள்பக்கம் வெளியே வரும்படித் திருப்புங்கள். தொங்கும் நூல், ஓட்டை ஏதாவது இருந்தால் துவைப்பதற்கு முன்பே சரிசெய்யுங்கள். சின்ன ஓட்டை தண்ணீரில் பெரிய ஓட்டையாகும்.

3. அடர்நிற ஆடையாக இருந்தால் உள் தையல் ஓரத்தில் ஈர வெள்ளைத் துணியை வைத்து அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் தனியாகத்தான் துவைக்க வேண்டும், ஊறவைக்கும் நேரத்தையும் குறைக்க வேண்டும்.

4. அகலமான தொட்டியில் கை வைத்தால் சூடும் தெரியாத, சில்லென்றும் இல்லாத நீர் எடுத்துக்கொள்ளுங்கள். 30 டிகிரிக்கு மேல் போக வேண்டாம். சோப்பை முதலில் நீரில் கலக்கிவிட்டு, பிறகு ஆடையை இறக்குங்கள். ஆடைமேல் சோப்பை ஊற்றினால் ஓரிடத்தில் தேங்கி, அலச அலசப் போகாது.

5. மெல்ல அழுத்தி முழுவதும் நனையவிட்டு, 10 முதல் 15 நிமிடம் அப்படியே விடுங்கள். அழுக்கை எடுக்கும் வேலையை நீரும் சோப்புமே செய்துகொள்ளும். இடையில் இரண்டு மூன்று முறை உள்ளங்கையால் அழுத்தி விடலாம். கசக்குவது, தேய்ப்பது, அடிப்பது எதுவும் கிடையாது. கழுத்துப் பட்டையும் கைமுனையும் அழுக்காக இருந்தால் அங்கே மட்டும் விரலால் இன்னும் கொஞ்சம் அழுத்தம் கொடுங்கள்.

6. ஆடையை ஓரமாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டு நீரை வடியுங்கள். குழாயை ஆடைமேல் நேராகத் திறக்காதீர்கள். அதே வெப்பநிலையில் புதுநீர் நிரப்பி, நுரை போகும்வரை அலசுங்கள். வெதுவெதுப்பான நீரிலிருந்து சட்டென்று ஐஸ் நீருக்கு மாற்றும் வேலை வேண்டாம். அலசத் தேவையில்லாத வகைச் சோப்பாக இருந்தால் இந்தப் படியே இல்லை.

7. இனிதான் மிக ஆபத்தான நொடி. நனைந்த ஸ்வெட்டரைத் தோளைப் பிடித்துத் தூக்காதீர்கள். மொத்த நீரின் எடையும் கண்ணிகளில் தொங்கும், ஒரே தூக்கில் சில அங்குலம் நீண்டுவிடும். தொட்டியிலேயே சுவரோடு அழுத்தி நீரை வெளியேற்றுங்கள். பிறகு இரண்டு கைகளையும் அடியில் கொடுத்து, மொத்தமாக அள்ளி எடுங்கள்.

8. உலர்ந்த பெரிய துவாலையை விரித்து, அதன்மேல் ஆடையைப் பரப்பி, இரண்டையும் சேர்த்துப் பாய்போலச் சுருட்டுங்கள். சுருளின்மேல் கையால் ஊன்றி அழுத்துங்கள். தடித்த ஸ்வெட்டர் என்றால் தரையில் வைத்துச் சுத்தமான காலால் மிதித்தாலும் தவறில்லை. துவாலை தொப்பலானால் இன்னொன்று எடுங்கள். இந்தப் படியில் எவ்வளவு நீர் போகிறதோ, காயும் நேரம் அவ்வளவு மிச்சம்.

மெஷினில் போடத்தான் வேண்டும் என்றால்

‘வூல்’ என்ற சுழற்சி இருக்கும் மெஷினில், லேபிள் அனுமதிக்கும் ஆடையைப் போடலாம். அந்தச் சுழற்சியில் டிரம் அதிகம் உருளாமல் தொட்டில்போல் ஆடும். ‘டெலிகேட்’ என்பதும் ‘வூல்’ என்பதும் எல்லா மெஷினிலும் ஒன்றல்ல, கையேட்டைப் பார்த்துவிடுங்கள். வலைப்பைக்குள் ஒன்றிரண்டு ஆடைகளை மட்டும் போடுங்கள். ஜீன்ஸ், துவாலை, கொக்கி வைத்த உள்ளாடை எதையும் கூடப் போடாதீர்கள். வெல்க்ரோ இருக்கும் எதையும் வேண்டவே வேண்டாம்.

பலர் ஸ்பின்னைக் கண்டு பயப்படுவார்கள், புரட்டியடிக்கும் சுழற்சியைக் கண்டுகொள்ள மாட்டார்கள். உண்மையில் குறைந்த வேகத்தில் சற்று நேரம் ஓடும் ஸ்பின் கம்பளியை இறுகவைப்பதில்லை. ஆடை டிரம் சுவரில் ஒட்டிக்கொண்டு சுற்றுகிறதே தவிர, உரசிக்கொள்வதில்லை. கையால் துவைத்துவிட்டு, வலைப்பையில் போட்டு மெஷினில் ஸ்பின் மட்டும் ஓடவிடுவது நல்ல வழி. தண்ணீர் ஓடும் கட்டம் வராதபடி ஸ்பின் மட்டும் தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பருத்தி டி-ஷர்ட், சாக்ஸுக்கு இத்தனை சடங்கு தேவையில்லை. உள்பக்கம் வெளியே திருப்பி, குளிர்ந்த நீரில், ஒரே வகைத் துணிகளோடு போட்டால் போதும்.

காயவைப்பது

நனைந்த கம்பளி, காயும்போது எந்த வடிவத்தில் வைக்கிறோமோ அந்த வடிவத்தை ஏற்கும். ஈரம் புகும்போது இழைக்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் சில விடுபடுகின்றன, காய்ந்ததும் புதிய நிலையில் மறுபடி கட்டிக்கொள்கின்றன. பின்னுபவர்கள் ‘பிளாக்கிங்’ என்று சொல்லும் வேலை இதை நம்பித்தான் நடக்கிறது. நாமும் ஒவ்வொரு துவைப்பிலும் இதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

வலையிட்ட காயவைக்கும் சட்டம் இருந்தால் நல்லது, இரண்டு பக்கமும் காற்று போகும். இல்லையென்றால் மேஜைமேல் உலர்ந்த துவாலை விரித்து அதன்மேல் கிடத்துங்கள். குறித்துவைத்த அளவை எடுத்து, நீண்டிருந்தால் உள்ளங்கையால் மெல்லத் தள்ளிக் குறையுங்கள். சற்றுச் சுருங்கியிருந்தால் பக்கவாட்டிலும் நீளத்திலும் தட்டித் தட்டி நகர்த்துங்கள். ஒரே ஓரத்தைப் பிடித்து இழுத்தால் விளிம்பு அலையலையாகிவிடும். கைமுனை, இடுப்பு ஓரம், கழுத்து ஆகிய ரிப் பகுதிகளை நெருக்கிச் சேர்த்துவையுங்கள், அப்போதுதான் காய்ந்தபின் பிடிமானம் இருக்கும். தையல் நேராக ஓடுகிறதா, இரண்டு கைகளும் ஒரே நீளமா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அடியில் உள்ள துவாலை நனைந்ததும் மாற்றுங்கள். பாதி காய்ந்ததும் ஆடையைத் திருப்பிப் போடுங்கள். நேர் வெயில் சாயத்தை வெளிறவைக்கும், வெள்ளைக் கம்பளியை மஞ்சளாக்கும். ஹீட்டர் பக்கமும் வைக்காதீர்கள். நிழலில், ஃபேன் காற்றில் காயவையுங்கள். தடித்த ஸ்வெட்டர் காய ஒரு நாளுக்கு மேல் ஆகலாம். அக்குள், கழுத்து மடிப்பு, பாக்கெட் இவைதான் கடைசியில் காயும், தொட்டுப் பார்த்துவிட்டு மடியுங்கள்.

கொடியில் போட்டே தீர வேண்டும் என்ற நிலை வந்தால், கனம் குறைந்த பருத்தி டி-ஷர்ட்டை மட்டும் போடுங்கள். அதையும் தோளில் கிளிப் மாட்டாமல், நடுவில் மடித்து எடையைப் பகிர்ந்து போடுங்கள். டிரையர் கம்பளிக்கு ஈரம், வெப்பம், உரசல் மூன்றையும் ஒரே இடத்தில் கொடுக்கும் இயந்திரம். லேபிளே வெளிப்படையாக அனுமதித்தால் தவிர வேண்டாம்.

இஸ்திரி

ஒழுங்காகக் கிடத்திக் காயவைத்தால் பெரும்பாலும் தேவைப்படாது. தேவைப்பட்டால் கம்பளிக்கு நீராவியை ஓரிரு அங்குல உயரத்திலிருந்து காட்டி, கையால் தடவிச் சரிசெய்யுங்கள். பெட்டியை வைத்து அழுத்தினால் ரிப்பும் வேலைப்பாடும் நசுங்கிப்போகும். பருத்தியை உள்பக்கம் திருப்பித் தேய்க்கலாம். அக்ரிலிக் பக்கம் போக வேண்டாம்.

குட்டிக் குட்டிப் பஞ்சு உருண்டைகள்

அக்குள், இடுப்பின் பக்கவாட்டு, பை உரசும் தோள், முன்கை என எங்கெல்லாம் உரசல் இருக்கிறதோ அங்கெல்லாம் இவை வரும். நூலில் இருக்கும் குட்டை இழைகளின் முனைகள் வெளியே வந்து, உரச உரசச் சுருண்டு முடிச்சாகின்றன. இதை மட்டமான துணியின் அடையாளம் என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். காஷ்மீர் இழை 19 மைக்ரானுக்கும் குறைவான பருமன் உள்ளது, மென்மையானது, அதற்கும் உருண்டை வரத்தான் செய்யும். தளர்வாக முறுக்கிய மென்மையான நூல் என்றாலே இது உண்டு. புது ஸ்வெட்டரில் ஆரம்பத்தில் நிறைய வந்து, வெளியே வர வேண்டிய குட்டை இழைகள் தீர்ந்ததும் குறைந்துவிடும். பாலியஸ்டரோ நைலானோ கலந்தால் உருண்டைகள் எளிதில் உதிர்வதில்லை. வலுவான அந்த இழைகள் உருண்டையைத் துணியோடு கட்டிவைத்துக்கொள்ளும்.

விரலால் பிய்க்காதீர்கள். ஒவ்வொரு பிய்ப்பிலும் நல்ல இழையும் கூடவே வெளியே வந்து அடுத்த உருண்டைக்கு வழிசெய்யும். மென்மையான கம்பளிக்கு ஸ்வெட்டர் சீப்பு நல்லது. ஆடையைத் தட்டையாக விரித்து, ஒரு கையால் துணியை லேசாக விறைப்பாகப் பிடித்து, ஒரே திசையில் மெல்ல வாருங்கள். பின்னல் அடர்த்தியாகவும் சமதளமாகவும் இருந்தால் பேட்டரியில் ஓடும் ஃபேப்ரிக் ஷேவர் வேகமாக வேலை முடிக்கும். புடைத்த கேபிள் டிசைன், தளர்ந்த பின்னல், தையல் முடிச்சு உள்ள இடங்களில் ஷேவர் நூலையே வெட்டிவிடும். மோஹேர், அங்கோரா போன்ற பொசுபொசு ஆடைகளில் அதைத் தொடவே கூடாது. எந்தக் கருவியானாலும் ஆடை நன்றாக உலர்ந்திருக்க வேண்டும், பருவத்துக்கு ஓரிரு முறை போதும்.

உடுத்தும்போது

மோதிரம், கைக்கடிகாரம், பிரேஸ்லெட் எல்லாம் நூலைக் கொக்கிபோட்டு இழுக்கும். ஸ்வெட்டரை மாட்டிய பிறகு அணியுங்கள். தோள்பையைப் பக்கம் மாற்றி மாற்றி மாட்டுங்கள். சென்ட், டியோடரன்ட் காய்ந்த பிறகே ஆடையைப் போடுங்கள். கழற்றும்போது கழுத்தைப் பிடித்து இழுக்காமல் கீழ் ஓரத்திலிருந்து மேலே தூக்கிக் கழற்றினால் கழுத்துப் பட்டை தளராது.

மடித்து வைப்பது

பின்னலாடைக்கும் ஹேங்கருக்கும் ஒத்துவராது. மாதக்கணக்கில் தொங்கினால் தோளில் புடைப்பு விழும், நீளம் கூடும், கழுத்து அகலும். மடித்து அடுக்குங்கள், கனமானவை அடியில், மெல்லியவை மேலே. இறுக்கி அடைக்க வேண்டாம். ஹேங்கர் தவிர வேறு இடமே இல்லை என்றால், ஸ்வெட்டரை நீளவாக்கில் இரண்டாக மடித்து, அக்குள் பகுதியில் ஹேங்கர் கொக்கி வரும்படி வைத்து, உடற்பகுதியை ஒரு பக்கமும் கைகளை மறுபக்கமும் ஹேங்கர் கம்பிமேல் மடித்துப் போடுங்கள். எடை தோளில் விழாது.

அந்துப்பூச்சி

நீண்ட நாள் எடுத்துவைக்கும் கம்பளிக்கு வரும் பெரிய கேடு இது. பறக்கும் பூச்சி துணியைத் தின்பதில்லை, அதற்குத் தின்ன வாயே சரியாகக் கிடையாது. தின்பது அதன் புழு. கெரட்டினைச் செரிக்கக்கூடிய சில உயிரினங்களில் அதுவும் ஒன்று. வெளிச்சத்துக்கு வராது, மடிப்பு, காலருக்கு அடி, இருட்டு மூலை இவைதான் அதன் இடம். ஒரு பெண் பூச்சி 40 முதல் 50 முட்டை வரை இடும். வியர்வை, எண்ணெய்ப்பசை, கறை இருக்கும் இடத்தை அது முதலில் தேடிப் போகும். ‘ஒருமுறைதானே உடுத்தினோம்’ என்று துவைக்காமல் உள்ளே வைக்கும் ஸ்வெட்டர்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும்.

ஆகவே, பருவம் முடிந்து எடுத்துவைப்பதற்கு முன் எல்லாவற்றையும் துவைத்து, ஈரம் துளியும் இல்லாமல் காயவைத்து, நன்றாக மூடும் பெட்டியிலோ ஜிப் வைத்த பையிலோ போடுங்கள். முன்பு துவைப்பதைத் தள்ளிப்போடச் சொன்னேன், இந்த இடத்தில் தள்ளிப்போடவே கூடாது. இடையில் ஒருமுறை எடுத்து, வெளிச்சத்தில் உதறி, மடிப்பை மாற்றி வையுங்கள். கலைக்கப்படாத இருட்டுத்தான் புழுவுக்குத் தேவை. அலமாரியின் மூலைகளையும் இடுக்குகளையும் வாக்குவம் கிளீனரால் எடுத்துவிடுங்கள்.

தேவதாரு மரத்துண்டு, லாவெண்டர் பை எல்லாம் வாசனை இருக்கும்வரை ஓரளவு விரட்டலாம், உள்ளே ஏற்கெனவே இருக்கும் புழுவைக் கொல்லாது. அந்துருண்டை வேலை செய்யும், ஆனால் அதன் ஆவி மூடிய பெட்டிக்குள் தேங்கினால்தான். திறந்த அலமாரியில் வைத்தால் அதை நாம்தான் சுவாசிப்போம். அதில் இருப்பது நாஃப்தலீன் அல்லது பாராடைக்குளோரோபென்சீன், இரண்டும் உடலுக்கு நல்லதல்ல. ஜி6பிடி குறைபாடு (அந்தப் பெயருள்ள நொதி உடலில் குறைவாக இருக்கும் பிறவிக் கோளாறு) உள்ளவர்களுக்கு நாஃப்தலீன் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். குழந்தைகளின் கம்பளி உடைகளோடு அதை ஒருபோதும் வைக்காதீர்கள்.

ஓட்டையோ, துணியில் ஒட்டிய வலைபோன்ற நூலாம்படையோ, மணல்போன்ற எச்சமோ தெரிந்தால் அந்த ஆடையை உடனே தனிமைப்படுத்துங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி, இறுக்கி மூடி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் அறை வெப்பநிலைக்கு வரவிடுங்கள். அப்போது நீர்த்துளிகள் பைக்கு வெளியே படியும், ஆடை நனையாது. பிறகு நன்றாகத் தூரிகையிட்டுத் துவையுங்கள்.

பருத்தியை அந்துப்பூச்சி பொதுவாக விடும், ஆனால் ஈரக்காற்றில் பூஞ்சணம் பிடிக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு வையுங்கள், அவ்வப்போது மாற்றுங்கள்.

சின்னச் சேதங்கள்

நூல் கொக்கியில் மாட்டி வெளியே வளையமாக நீட்டிக்கொண்டிருந்தால், கத்தரிக்கோலைத் தொடாதீர்கள். வெட்டினால் அங்கேயிருந்து பிரிய ஆரம்பிக்கும். பக்கத்துக் கண்ணிகளை ஊசி முனையால் ஒவ்வொன்றாக லேசாகத் தளர்த்தி, உபரி நூலை வரிசையில் பகிர்ந்துவிடுங்கள். அப்படியும் மிஞ்சினால் குரோஷா ஊசியால் உள்பக்கம் இழுத்துவிட்டால் போதும்.

கண்ணி ஒன்று விடுபட்டு ஏணியாக ஓட ஆரம்பித்தால், முதலில் அந்தக் கண்ணியில் ஒரு சேஃப்டி பின் மாட்டி நிறுத்துங்கள். பிறகு மெல்லிய குரோஷா ஊசியை அந்தக் கண்ணிக்குள் நுழைத்து, மேலே இருக்கும் படியைக் கொக்கியில் பிடித்து உள்ளே இழுங்கள். ஒவ்வொரு படியாக மேலேறி, கடைசிக் கண்ணியை நூலால் கட்டிவிடுங்கள். முதல் முறை விரல்கள் குழம்பும், ஐந்தாறு படி ஏறியதும் பழகிவிடும்.

ஓட்டை விழுந்த இடத்துக்கு டார்னிங், அதாவது ஊசி நூலால் நெய்து அடைப்பது. அடியில் உருண்டையான மரத்துண்டு எதையாவது வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டையைச் சுற்றி அரை அங்குலம் நல்ல துணியிலிருந்து தொடங்கி, நீளவாக்கில் நூல் ஓட்டி, பிறகு குறுக்கே ஒன்று மேலும் ஒன்று கீழுமாக நெய்யுங்கள். இழுத்துக் கட்டினால் சுருங்கும், தொளதொளவென்று விட்டால் புடைக்கும். நூல் அதே இழையாகவும், ஆடையின் நூலைவிடத் தடிப்பில்லாததாகவும் இருக்கட்டும். புது ஆடையோடு சின்ன உறையில் தரும் நூலைத் தூக்கிப் போடாதீர்கள். அதையும் ஆடையோடு சேர்த்து ஓரிரு முறை துவைத்து வைத்தால் நிறமும் ஒத்துப்போகும். என்னைக் கேட்டால், முழங்கை ஓட்டையாகும்வரை காத்திருக்கவே வேண்டாம். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, துணி மெலிந்து தெரியும்போதே உள்பக்கம் சில வரிசை ஓட்டிவிட்டால் வேலையும் கால்வாசி, வெளியேயும் தெரியாது.

தளர்ந்துபோன கம்பளிக் கைமுனையை மட்டும் வெதுவெதுப்பான நீரில் நனைத்து, ஒற்றி, நெருக்கிச் சேர்த்துக் காயவையுங்கள். பெரும்பாலும் பிடிமானம் திரும்பும். பருத்தியில் இது அரைகுறையாகத்தான் வேலை செய்யும். அங்கே உள்பக்க ஓரத்தில் மெல்லிய எலாஸ்டிக் நூலை இரண்டு மூன்று வரிசை ஓட்டலாம்.

சுருங்கிப்போன ஸ்வெட்டர்

கண்ணிகள் இன்னும் கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் நம்பிக்கை உண்டு. வெதுவெதுப்பான நீரில் கொஞ்சம் முடி கண்டிஷனர் கலந்து அரை மணி நேரம் ஊறவைத்து, நீரை ஒற்றியெடுத்து, பழைய அளவுக்கு மெல்ல நகர்த்தி, ஓரங்களைத் துருப்பிடிக்காத குண்டூசியால் நிறுத்திக் காயவையுங்கள். முழு அளவு திரும்பாது, ஓரளவு கிடைக்கும். கண்ணிகள் மறைந்து மேற்பரப்பு ஒரே கெட்டியாகிவிட்டிருந்தால் அதைத் திருப்ப எந்த வித்தையும் இல்லை. இழைகள் பூட்டிக்கொண்டுவிட்டன. ஆனால் அதே காரணத்தால் அந்தத் துணியைக் கத்தரிக்கோலால் வெட்டினாலும் ஓரம் பிரியாது. கையுறை, செல்போன் உறை, சூடான பாத்திரம் பிடிக்கும் துணி, மற்ற ஸ்வெட்டர்களின் முழங்கைக்கு ஒட்டு என்று எதற்கு வேண்டுமானாலும் ஓரம் மடிக்காமலே வெட்டித் தைக்கலாம்.